நாலாவது பதிவு

எங்கள் வீட்டில் எதுவும் தீர்ந்துபோகாது. அரிசி டின்னில் அடி தெரிந்தால் அம்மா "அரிசி வாங்கணும்" என்பாள். எண்ணெய் தீர்ந்தால் "எண்ணெய்க்குச் சொல்லணும்" என்பாள். 'இல்லை' என்கிற சொல் மட்டும் தளிகை உள்ளிலிருந்து, அதாவது எங்கள் சமையலறையிலிருந்து, வெளியே வராது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் பாதி வீடுகள் இப்படித்தான். எனக்கு முப்பத்தாறு வயது. அதைக் கேட்டு வளர்ந்துவிட்டு நான் புரோகிராம் எழுதப் போனேன். இரண்டும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் குத்புதீன். அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க.

குத்புதீனும் நானும் ஒன்றாகக் கல்லூரியில் படித்தவர்கள். அவர் வீடு பாலக்கரை. தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேல் மாடியில் இரண்டு அறை எடுத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு கம்பெனி நடத்துகிறோம். வாடகையைக் கொடுப்பது ஏதேதோ வேலை. மனசுக்குப் பிடித்துச் செய்வது ஒரே வேலை. லால்குடி, திருவெள்ளறையைச் சுற்றிப் பதினான்கு ஊர்களில் அறுநூற்று நாற்பது விவசாயிகளுக்குத் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு எங்களிடமிருந்து ஒரு ஃபோன் போகும். இன்று அவர்கள் ஊரில் மழை உண்டா என்று சொல்லும். கேட்டுவிட்டு ஒன்றை அமுக்கினால் கேட்டதாகக் கணக்கு.

பேசுவது என் குரல். ஒரு முறை பதிவு செய்ததுதான், தினமும் அதுவே போகும். மூன்று பதிவுகள். "இன்னிக்கு நல்ல வெயில், நெல்லு காயப்போடலாம்." "மதியத்துக்கு மேல மழை, அதுக்குள்ள வாரிக்குங்க." "காலையிலேயே மழை, மூடியே வைங்க." எந்த ஊருக்கு எது என்பதைப் புரோகிராம் முடிவு செய்யும். அதற்கு வேண்டிய வானிலை விவரத்தை எங்கேயோ கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனி அனுப்புகிறது. ஏபிஐ என்று அவர்கள் திறந்து வைத்திருக்கும் கணினி வாசலில் எங்கள் புரோகிராம் கேட்டால் ஒவ்வொரு ஊருக்கும் இருபத்தேழு கட்டங்கள் கொண்ட ஒரு பதில் வரும். வெப்பம் ஒரு கட்டம், காற்று ஒரு கட்டம், மழை எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு கட்டம். எங்கள் புரோகிராமிலும் அதே இருபத்தேழு கட்டங்களோடு ஓர் அச்சு உண்டு. வருகிற பதில் அதில் சரியாகப் போய் உட்கார வேண்டும்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் பதிலின் அமைப்பை அவ்வப்போது மாற்றுவார்கள். மாற்றும்போது சொல்லிவிட்டு மாற்றுவார்கள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஒரு கட்டத்தின் பெயர் மாறும். எண் வந்த இடத்தில் எழுத்து வரும். ஒரு கட்டம் காணாமலே போகும். அப்படிக் காணாமல் போனால் எங்கள் அச்சு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் எனக்கும் குத்புவுக்கும் சண்டை.

நான் எழுதியது இப்படி. மழைக் கட்டம் வரவில்லையா, அந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டுக்கொள். வெறும் கட்டம் என்றால் எனக்கு ஆகாது. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

"பூஜ்யம்னா மழை கிடையாதுன்னு அர்த்தம்" என்றார் குத்பு. "கட்டமே வரலைன்னா நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா? நாலாவதா ஒரு பதிவு பண்ணுங்க. 'இன்னிக்குத் தகவல் இல்லை, எங்களுக்குத் தெரியலை'ன்னு."

"விடிஞ்சதும் அறுநூத்தி நாப்பது வீட்ல மொத வார்த்தையா 'இல்லை'ன்னு நான் போய்ச் சொல்லணுமா? அதுவும் அறுப்பு நேரத்துல? என்னால முடியாது."

"உங்க அம்மா 'அரிசி வாங்கணும்'னு சொன்னா டின்னு காலின்னு உங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், மைத்ரேயி. நம்ம டின்னு காலின்னு வீராயிக்கு எப்படித் தெரியும்?"

வீராயி எங்கள் பட்டியலில் முதல் எண். அன்பில் ரோட்டில் ஐந்து ஏக்கர் பயிர் செய்கிற அம்மாள். எண்களைச் சேர்க்க நாங்கள் ஊர் ஊராகப் போனபோது, "டிவியில டெல்டா மாவட்டம்னு சொல்றான். எங்க ஊரா, வேதாரண்யமா, எதுன்னு நான் கண்டேன்?" என்று கேட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர். என்னை மழைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். குத்பு அப்படிக் கேட்டதும் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டேன்.

குத்பு அதற்கு மேல் வாதாடவில்லை. ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். அது தினமும் ஐந்து மணிக்கு ஏபிஐயின் அன்றைய நிஜமான பதிலை வாங்கி, எங்கள் அச்சோடு ஒவ்வொரு கட்டமாகப் பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் 'இருபத்தேழும் சரி' என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போடும். இல்லையென்றால் எது பொருந்தவில்லை என்று நீட்டி முழக்கும். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தவள் நான். புதிதாக ஒரு கட்டம் சும்மா கூட வந்து நின்றாலும் அதற்கு ஒரு குறை சொல்வாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் குறை தீர இவள் ஒருத்தி போதும் என்று சொல்லிச் சிரிப்பேன்.

மாமியார் சொல்வதைப் பார்ப்பது வாரம் ஒருவர் முறை. தை மாதக் கடைசி வாரம் என் முறை. குத்பு சித்தப்பா பெண் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தார். வாரம் தொடங்கிய அன்றே மாமியார் விடியற்காலையில் டிங் டிங் என்று ஏழெட்டுச் செய்தி போட்டாள். தூக்கம் கெட்ட எரிச்சலில், எதையும் படிக்காமல், குழுவின் வாயை அடைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு ஒலி வராது என்று ஃபோன் சொன்னது. நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன்.

ஆறாவது நாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறே காலுக்கு குத்பு கூப்பிட்டார். ரயிலில் வரும்போதுதான் குழுவைப் பார்த்திருக்கிறார், அப்போதுதான் இறங்கியிருக்கிறார். பின்னால் ஜங்ஷன் அறிவிப்பு கேட்டது.

"மைத்ரேயி மேடம், குரூப்பைப் பார்த்தீங்களா?"

கோபம் வந்தால்தான் அவருக்கு நான் மேடம். எழுந்து உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். ஐந்து நாள் செய்திகள், வரிசையாக, ஒரே வாசகம். 'மழைக் கட்டம் காணவில்லை. பதினான்கு ஊருக்கும்.' ஆறாவதாக அன்றைக்குமானது. அந்தக் கம்பெனி மழையை அந்த இடத்திலிருந்து எடுத்து, 'மணிவாரி விவரம்' என்று புதிதாக ஒரு பெட்டி செய்து அதற்குள் வைத்துவிட்டது. எங்கள் அச்சு பழைய இடத்தில் தேடியது. கிடைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டது. ஐந்து நாளாகப் பதினான்கு ஊருக்கும் என் குரல் நல்ல வெயில் என்று சொல்லியிருக்கிறது. தை மாதம், வெயில்தான் அடித்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கும் ஐந்தரைக்கு நல்ல வெயில் என்று சொல்லியாகிவிட்டது.

"புதுப் பெட்டியைத் தொறந்து பார்த்தேன்" என்றார் குத்பு. "இலங்கைப் பக்கம் ஏதோ தாழ்வு. லால்குடி பக்கம் ஒம்போது ஊருக்கு இன்னிக்கு மழை போட்டிருக்கான். இருபது மில்லிக்கு மேல."

சம்பா அறுப்பு முடிந்து நெல் எல்லாம் ரோட்டில் கிடக்கிற நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அதனால் தங்கள் முறை வரும் வரைக்கும் ரோட்டிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். வீராயிக்குச் சனிக்கிழமை முறை. முந்தின வாரம் ஃபோன் செய்து அவரே சொல்லியிருந்தார். "நாலு நாளு வெயில் மட்டும் குடுங்கம்மா, போதும்" என்றார், நான்தான் வெயிலைக் கையில் வைத்திருக்கிற மாதிரி. நானும் கொடுத்தேன். இப்போது அவர் ஐந்து ஏக்கர் நெல்லும் அன்பில் ரோட்டில் திறந்து கிடக்கிறது, நான் நல்ல வெயில் என்று சொன்னதை நம்பி.

"எத்தனை மணிக்கு மழை?"

"பதினோரு மணின்னு இருக்கு. அது நம்ம மணியா, உலக மணியான்னு எங்கயும் எழுதலை. நம்ம மணின்னா காலையில பதினொண்ணு. உலக மணின்னா அஞ்சரை கூட்டணும், சாயங்காலம் நாலரை. அவங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வர ரெண்டு நாளாகும்."

"அச்சை மாத்திட்டு ரெண்டாவது பதிவை அனுப்பிடுவோம். 'மதியத்துக்கு மேல மழை'ன்னு."

"மதியத்துக்கு மேலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மறுபடியும் அதையேதான் செய்யப் பார்க்கிறேன் என்று எனக்கே உறைத்தது. தெரியாத இடத்தில் கையில் கிடைத்த நல்ல வார்த்தை ஒன்றைத் தூக்கிப் போட்டு மூடப் பார்க்கிறேன். கட்டத்தில் பூஜ்யம் போட்ட அதே கை.

"பதிவு பண்ணி அனுப்புங்க" என்றார் குத்பு. "நான் பிளாட்பாரத்துலயே லேப்டாப்பைத் தொறந்து உட்கார்ந்துட்டேன். வந்ததும் எல்லாருக்கும் போட்டுடறேன். தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க."

ஃபோனைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். "வணக்கம்" என்றேன். "இன்னிக்கு மழை வந்தாலும் வரலாம்" என்று ஆரம்பித்தேன். அழித்தேன். "சின்ன மாற்றம்" என்று ஆரம்பித்தேன். அதையும் அழித்தேன். தளிகை உள்ளில் அம்மா மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அந்தச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கத்திவிட்டேன். "கொஞ்சம் நிறுத்தறியாம்மா."

அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். அவள் பெயர் ரங்கம்மா. எழுபது வயதில் இன்னும் என்னைவிட வேகமாக நடப்பாள். என்ன விஷயம் என்று கேட்டாள். நாலு வரியில் சொன்னேன். எனக்குச் சொல்ல வராததையும் சொன்னேன். 'இல்லை', 'தெரியலை', 'தப்பு' எல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் எப்படி வாயில் வரும் என்று.

"ஏண்டி, அங்கே நெல்லு நனையப் போறது, நீ நாள் கிழமை பாத்துண்டு நிக்கறயா" என்றாள். "அதுவும் மஹாலக்ஷ்மிதானே. சீக்கிரம் சொல்லு."

சொல்லிவிட்டு விசிறியை அணைத்தாள். வாசல் கதவைச் சாத்தினாள். என் எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வணக்கம். நான்தான் தினமும் பேசற மைத்ரேயி. காலையில நல்ல வெயில்னு சொன்னேன். அது தப்பு. எங்களுக்குச் சரியான தகவல் வரலை. வரலைங்கறது தெரியாம அஞ்சு நாளா சொல்லியிருக்கேன். லால்குடி பக்கம் இன்னிக்கு மழை இருக்கு. காலையிலயா சாயங்காலமான்னு எங்களுக்குத் தெரியலை. வானத்தைப் பார்த்துக்குங்க. தார்ப்பாயைப் பக்கத்துல வச்சுக்குங்க. முடிஞ்சா இப்பவே வாரிக்குங்க. மன்னிச்சுக்குங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. திரும்பப் பதிவு செய்ய நேரமில்லை. குத்புவுக்கு அனுப்பினேன். ஆறு ஐம்பதுக்கு ஃபோன்கள் போக ஆரம்பித்தன.

ஏழரை மணிக்கு நானூற்றுப் பத்துப் பேர் ஒன்றை அமுக்கியிருந்தார்கள். இருநூற்று முப்பது பேர் எடுக்கவே இல்லை. எங்களிடமிருந்து ஒரு நாளைக்கு ஒரு ஃபோன்தான் வரும் என்று பழகியவர்கள். எடுக்காதவர்களில் வீராயியும் ஒருவர். மூன்று தடவை நானே நேராகக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா ஒரு டப்பாவில் நாலு இட்லியை வைத்துத் திணித்தாள். கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டில் குத்பு நின்றுகொண்டிருந்தார். ஜங்ஷனிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் சூட்கேஸ், கல்யாண வீட்டு அல்வா டப்பா, தோளில் லேப்டாப் பை. கல்யாணத்துக்குத் தைத்த சந்தன நிறச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. சூட்கேஸை முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்தேன். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லால்குடியில் ரயில்வே கேட்டுக்கு நிற்கும்போது மட்டும், "மாமியாரை அணைக்காம வாயை மட்டும் அடைச்சீங்களே, அதுக்கே அல்லாவுக்கு நன்றி சொல்லணும்" என்றார். கேட் திறந்ததும் வண்டியைக் கிளப்பினேன்.

கிழக்கே வானம் வெள்ளையாக, வெயில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. இந்த வெயிலைப் பார்த்து யார் வாருவார்கள்?

அன்பில் ரோட்டில் திரும்பியதும் ஸ்கூட்டரை மெதுவாக்கினேன். கண்ணுக்கு எட்டிய வரை ரோட்டின் ஒரு பாதி நெல்லாக இருக்க வேண்டும். நெல் இருந்தது, ஆனால் பரப்பிக் கிடக்கவில்லை. குவியல் குவியலாகக் கூட்டியிருந்தது. பெண்கள் பலகை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேப்பமரத்தடியில் நீலத் தார்ப்பாயின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை இழுத்துக்கொண்டிருந்தார் வீராயி.

"ஃபோனை எடுக்கலையேம்மா நீங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

"அது வீட்ல சார்ஜில கெடக்கு. நம்ம பிச்சை ஃபோனு வச்சிருந்தான். நீங்க பேசுனதும் ஸ்பீக்கர்ல போட்டான். ரோடே கேட்டுச்சு" என்றார். பிச்சை பக்கத்து நெல்லுக்காரர். கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பவும் அள்ளப் போனார். "நிக்காதீங்க, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார் வீராயி.

பிடித்தேன். குத்பு சந்தனச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாக்கைப் பிடித்தார். ஒன்றரை மணி நேரம் வேலை செய்தோம். நெல் சுணை கழுத்தெல்லாம் அரித்தது. பத்தே முக்காலுக்கு மேற்கே திடீரென்று கறுத்தது. காற்று ஒரு தடவை சுழன்று அடித்தது. கடைசித் தார்ப்பாய்க்குச் செங்கல் வைத்துவிட்டு நாங்கள் நிமிர்ந்தபோது முதல் துளி விழுந்தது. மணி பதினொன்று ஐந்து. நம்ம மணிதான்.

சாலையோரம் ஒரு சைக்கிள் கடையின் தகரக் கூரைக்குக் கீழ் ஒதுங்கினோம். மழை கொட்டிய கொட்டில் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாய்கள் மேல் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொடுத்த இட்லியையும் குத்புவின் அல்வாவையும் பிரித்து வைத்தோம். எல்லோரும் கை நீட்டினார்கள்.

எல்லோரும் தப்பிக்கவில்லை. ரோட்டின் கோடியில் பூவரசன் என்பவரின் நெல் கிடந்தது. அவர் இரண்டாவது ஃபோனை எடுக்கவில்லை, ஸ்பீக்கர் சத்தமும் எட்டவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடுவதைப் பார்த்துப் பாதியை வாரினார். நாலு மூட்டை நனைந்துவிட்டது. நனைந்த தலையோடு கூரைக்குள் வந்தவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்கதானே வெயில்னு சொன்னது."

"ஆமாங்க. நான்தான். தப்பு என்னுது."

அவர் அல்வாவைத் தொடவில்லை. அவர் கோபம் நியாயம். குத்பு எழுந்து அவரோடு மழையிலேயே போய், நனைந்த மூட்டைகளை உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு வந்தார். சந்தனச் சட்டை அன்றோடு முடிந்தது.

குத்புவும் பூவரசனும் மூட்டைப் பக்கம் போயிருந்தபோது வீராயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏபிஐ, கட்டம், அச்சு என்று எனக்குத் தெரிந்த எளிய விதத்தில். தகவல் வராத இடத்தில் நானாக வெயில் என்று போட வைத்ததை. எச்சரிக்கை ஐந்து நாளாக என் ஃபோனிலேயே கிடந்ததை. தூக்கத்துக்காக நான் அதன் வாயை அடைத்ததை.

"அஞ்சு நாளுமா?" என்றார்.

"அஞ்சு நாளும். வெயில் அடிச்சது உங்க அதிர்ஷ்டம். நான் சொன்னதால இல்லை."

வீராயி திரும்பித் தார்ப்பாய்களைப் பார்த்தார். இனி எங்கள் ஃபோனை எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். முதல் எண்ணே போய்விட்டது என்று நினைத்தேன்.

"எட்டு மாசமா தெனம் பேசுறீங்க" என்றார் கடைசியில். "அது ஏதோ மிஷின் பேசுதுன்னுதான் கேட்டுக்குவேன். இன்னிக்கு நீங்க தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க. அப்பத்தான் என்கிட்டயே யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. வெயில்னு சொன்னா நான் மானத்தைப் பார்க்க மாட்டேன், நீங்க பார்த்துட்டீங்கன்னு விட்டுடுவேன். தெரியலைன்னு சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தேன். மேக்கால எறும்பு கணக்கா ஒரு கறுப்பு. வாருங்கடின்னு கத்துனேன்." ஒரு துண்டு அல்வாவை எடுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கு ஃபோன் வருமா?"

"வரும். தெரிஞ்சா தெரிஞ்சதைச் சொல்லும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்."

"அது போதும்."

அந்த நிமிஷத்தில் எனக்கு உலகத்தில் யார் யாரையெல்லாமோ கும்பிட வேண்டும் என்று தோன்றியது. ஸ்பீக்கரைப் போட்ட பிச்சையை. மிக்ஸியை நிறுத்திய அம்மாவை. நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்தும் வாய்ச்சண்டையை விட்டுவிட்டு அந்தச் சின்னப் புரோகிராமை எழுதி வைத்த குத்புவை. மழையில் நனைந்து அவர் திரும்பி வந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் நேராகச் சொன்னேன். "நீங்க சொன்னது சரி. எனக்காக மாமியாரை விடாம வச்சிருந்தீங்க. ரொம்ப நன்றி, குத்பு."

அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே, "முழுசா மேடம்னு கூப்பிட்டது வீண் போகலை" என்றார்.

சனிக்கிழமை வெயில் திரும்ப வந்தது. வீராயியின் நெல்லை மிஷினில் வைத்தபோது ஈரம் பதினாறு காட்டியது. அன்று மாலையே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பூவரசனின் நாலு மூட்டையையும் நானும் குத்புவும் போய்ப் பரப்பிக் கிண்டிவிட்டு வந்தோம். மூன்று தேறியது. ஒன்று முளைவிட்டுவிட்டது.

அச்சிலிருந்து என் பூஜ்யத்தை நானே அழித்தேன். இப்போது மழைக் கட்டம் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே நிற்கும், நின்று சத்தம் போடும். மாமியார் இனி வாட்ஸப்பில் முணுமுணுப்பதில்லை. அந்த வாரம் யார் முறையோ அவர்களுக்கு ஃபோனே செய்கிறாள், எடுக்கும் வரை விடுவதில்லை. பொருந்தாத அன்றைக்கு வெயிலோ மழையோ போகாது. நாலாவது பதிவு தானாகப் போகும்.

நாலாவது பதிவை அமைதியான இடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று குத்பு சொன்னார். நான் வீட்டில்தான் செய்தேன், அதே கூடத்தில். "இன்னிக்கு எங்களுக்குத் தகவல் இல்லை. மழையா வெயிலா தெரியலை. வானத்தைப் பார்த்துக்குங்க." முடியும் இடத்தில் தளிகை உள்ளில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் இருக்கிறது. அதை வெட்டவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் அந்தக் கம்பெனி மறுபடியும் எதையோ மாற்றியது. ஐந்தரைக்கு நாலாவது பதிவு போயிற்று. நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில் என்று சொல்கிற நாட்களில் ஐந்நூறு பேர் ஒன்றை அமுக்குவார்கள். அன்றைக்கு அறுநூற்றுப் பதினெட்டு. ஆறு மணிக்கு வீராயியிடமிருந்து ஃபோன் வந்தது.

"கேட்டேம்மா" என்றார். "மானத்தை நாங்க பார்த்துக்குறோம். நீங்க போயி அது என்னன்னு பாருங்க."

அந்த வாரம் குத்புவின் முறை. நான் ஆஃபீஸுக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்து எந்தக் கட்டம் மாறியிருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.